மாரிசெல்வியின் அப்பா விற்காத ஆடுகள்

1

இந்தக் கதை ஒரு ஏ4 தாளிலிருந்து வந்தது. கோவில்பட்டியில் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ஆதார் நகல் எடுக்கலாம் என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சுவரில் அந்தத் தாளை ஒட்டியிருந்தார்கள். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பான் கார்டு என்று வரிசையாகப் போய், கடைசிக்கு முந்தைய வரியில் 'ஆன்லைன் டிகிரி விவாதம் எழுதித் தரப்படும்' என்று இருந்தது. கடைசி வரி, 'லேமினேஷன்'.

விவாதம் என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தால் கடைக்காரப் பெண் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. நான் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. கயத்தாறு வரும்வரை அந்த வரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆகவே இனி வருவது முழுக்கக் கற்பனை. (கடைக்காரப் பெண்ணின் பெயர் தஸ்னீம் என்பதும்.)

2

முதல் தொடக்கம்: 'கரிசல் பூமியில் மழை பொய்த்த வருடம் அது. மாரிசெல்வியின் அப்பா தன் கடைசி ஆட்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு...'

நிறுத்திவிட்டேன். கைக்கு மிக எளிதாக வந்தது. எளிதாக வந்ததாலேயே சந்தேகம்.

இரண்டாம் தொடக்கம்: 'வருங்காலத்தில் உயர்கல்வி கட்டடங்களை விட்டு வெளியேறி, ஒவ்வொருவர் கைக்கும்...' இது கட்டுரை. அதுவும் யாரோ முன்பே எழுதிவிட்ட கட்டுரை.

மூன்றாம் தொடக்கம்: 'தஸ்னீமிடம் பதினொரு பேரின் பாஸ்வேர்டு இருந்தது.'

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

தஸ்னீமிடம் பதினொரு பேரின் பாஸ்வேர்டு இருந்தது. திருடியதல்ல, அவர்களே கொடுத்தது. ரேஷன் கார்டை மேசையில் வைப்பதுபோல் வைத்துவிட்டு, "நீங்களே போட்டு விட்ருங்கக்கா" என்று போனவர்கள். பதினொருவரும் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்பில் பொருளாதாரம் படித்தார்கள். (எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடாதீர்கள். நான் கட்டியது.) பாடம் வீடியோவில் வரும். வாரம் ஒரு கேள்வி வரும். நூற்றைம்பது சொற்களில் பதில் எழுதி, வேறு இரண்டு மாணவர்களின் பதிலுக்கும் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் விவாதம். மதிப்பெண் உண்டு.

முதலில் தஸ்னீம் பாடத்திலிருந்து எடுத்து ஒட்டினார். ஒரே எழுத்து பதினொரு பெயரில் இருப்பதைப் பல்கலைக்கழகத்தின் கணினி கண்டுபிடித்து எச்சரித்தது. பிறகு செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிப் போட்டார். அதையும் கண்டுபிடித்தது. வேறு வழியில்லாமல் சொந்தமாக எழுதத் தொடங்கினார். பதினொரு பேர், பதினொரு விதம். அங்கேதான் அவர் கெட்டார். (இல்லை, 'கெட்டார்' தப்பு. அங்கேதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று.)

கடம்பூர் நந்தகோபாலுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரவைத்தார். யோகராஜுக்குப் புள்ளிவிவரப் பைத்தியம். கழுகுமலைப் பக்கத்து மாரிசெல்விக்குக் கூர்மையான வாய். நந்தகோபால் மாரிசெல்வியை மறுப்பான், அவள் திருப்பிக் கொடுப்பாள், பிரித்திகா நடுவில் புகுந்து இருவரையும் சமாதானப்படுத்துவாள். உண்மையில் இவர்களுக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கூட்டமில்லாத மத்தியானங்களில் தஸ்னீம் தனியாக உட்கார்ந்து தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எம்.ஏ. முடித்து எட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர். ஒரு மணி நேர வகுப்புக்கூட எங்கும் கிடைத்ததில்லை. இப்போது ஒரு வகுப்பே அவர் விரல் நுனியில் பேசிக்கொண்டிருந்தது.

* அடிக்குறிப்பாகப் போக வேண்டியது, இங்கேயே கிடக்கட்டும்: அந்தப் பாடத்தின் ஆசிரியர் ஹரிகிருஷ்ணன். அவருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மாணவர்கள். 'நல்ல பார்வை. தொடருங்கள்' என்ற பதில் எல்லோருக்கும் தானாகப் போகும்படி வைத்திருந்தார். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு நீங்கள் என்ன எழுதிவிடுவீர்கள்? வருங்கால வகுப்பறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் வருகிறது. ஒரு பக்கம் இல்லாத மாணவர்கள், மறுபக்கம் இல்லாத ஆசிரியர், நடுவில் மதிப்பெண் மட்டும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் யாரோ ஒருவர் பேசுவதற்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

4

ஒரு வாரம் வந்த கேள்வி: 'வறண்ட நிலப் பகுதிக் குடும்பங்கள் கல்விக்காக எதை இழக்கின்றன?'

மாரிசெல்வியின் பெயரில் தஸ்னீம் எழுதிய நூற்றைம்பது சொல்லுக்கு நடுவே இது இருந்தது: 'படிக்க ஒரு போன் வேண்டும் என்றேன். அப்பா எங்களிடம் மிச்சமிருந்த ஆறு ஆடுகளையும் எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிப்போனார். திரும்பியபோது கையில் போன் இருந்தது. அன்று முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.'

(நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் பகுதியில் நானும் இதைத்தானே எழுதப் போனேன்.)

இதற்கு 'நல்ல பார்வை' வரவில்லை. ஹரிகிருஷ்ணனே எழுதினார்: 'மாரிசெல்வி, என்னைக் கல்லூரியில் சேர்க்க என் அப்பா உழவு மாடு இரண்டையும் விற்றார். முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்லத் தோன்றியது.'

தஸ்னீம் அதை மூன்று முறை படித்தார். நகல் எடுக்க வந்த ஒருவர், "யக்கா, ரெண்டு பக்கமும் போடணும்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

5

அடுத்த பருவத்தில் விதி மாறியது. எழுத்தை வைத்து யார் எழுதியது என்று சொல்லமுடியாமல் போய்விட்டதால், இனி வாய்மொழித் தேர்வும் உண்டு என்றார்கள். காமிராவுக்கு முன் இருபது நிமிடம். விவாதத்தில் மாணவர் எழுதியதிலிருந்தே கேள்வி. தேறாவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி. வேறு ஆள் எழுதியது என்று தெரிந்தால் மூன்று வருடத் தடை. பதினொரு பேருக்கும் தேதி வந்தது. முதல் தேதி மாரிசெல்விக்கு.

அவளுக்கு அது கடைசிப் பருவம். மூன்று வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் ஒட்டிக்கொண்டே படித்தவள். பி.எட். சேர இடம் கிடைத்திருந்தது. ஜூலைக்குள் பட்டம் கையில் இருந்தால்தான் அந்த இடம் நிற்கும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கடைக்கு வந்தாள். தஸ்னீம் நாற்பத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"ஏட்டி, வா, உக்காரு. இதெல்லாம் நீ எழுதுனது. சனிக்கெழமைக்குள்ள மனசுல ஏத்திக்கோ."

"இம்புட்டா எழுதிருக்கேன்!"

மாரிசெல்வி புரட்டினாள். சிரிப்பு வந்தது.

"யாருக்கா இந்த நந்தகோபாலு? என்னைய இந்தப் போடு போடுதான்?"

"கடம்பூர்க்காரன். பாவம், வாயே தொறக்க மாட்டான்."

"இவனா? நேர்ல பாத்தா நாலு கேக்காம விட மாட்டேன்."

"அவனக் கேட்டு என்ன செய்ய. கேக்கதா இருந்தா என்னையக் கேளு."

அதற்கும் சிரித்தாள். பிறகு ஒரு தாளை உருவி மேசையில் வைத்து, ஆடு என்றிருந்த வரியில் விரலை வைத்தாள்.

"எங்கப்பா எந்த ஆட்டக்கா வித்தாரு?"

"அது சும்மா ஒரு இதுக்கு எழுதுனதுட்டி."

"நூத்திப் பதினாலு உருப்படி நிக்கிதுக்கா எங்கள்ட்ட. குட்டியச் சேக்காம. ஆட்டுக்காரன் வீட்டுல கடைசி ஆட்ட வித்தாம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? குடும்பமே முழுகிட்டுன்னு அர்த்தம். எங்கப்பா கேட்டாருன்னா கம்போட கடைக்கு வந்துருவாரு. போனு நான் பண்டல் ஒட்டி வாங்குனது."

"சார் அதப் படிச்சிட்டுத்தான் அவிய அப்பா கதைய எழுதிருக்காரு. பாரு, கீழ இருக்கு."

மாரிசெல்வி அதையும் படித்தாள். முகம் கொஞ்சம் மாறியது. "பாவம் மனுசன்" என்றாள். உடனே, "ஆனா நான் என்னக்கா செய்ய? எங்கப்பாவப் பிச்சக்காரனாக்கித்தான் அவர அழ வைக்கணுமா?" என்றாள்.

தஸ்னீமுக்கு உள்ளே குத்தியது. வெளியே கோபமாக வந்தது. "அம்புட்டுத் தெரிஞ்சவ நீயே எழுதியிருக்க வேண்டியதுதான?"

"எழுதுனேனே. மொத வாரம்."

தஸ்னீம் அதைப் பார்த்ததில்லை. அவர் கைக்குப் பாஸ்வேர்டு வந்தது இரண்டாம் வாரத்தில்தான். கணினியில் பின்னோக்கிப் போய்த் திறந்தார்.

'பாடத்தில் எங்கள் பகுதியை வறண்ட நிலம் என்று சொல்லியிருக்கிறது. ஐப்பசி மழையில் கரிசலுக்குள் ஆட்டை ஓட்டினால் முட்டுவரை சேறு. எங்கள் செருப்பு அங்கேயே நிற்கும், நாங்கள் வந்துவிடுவோம். இதை எழுதியவர் எந்த மாதத்தில் வந்து பார்த்தார்?'

கீழே, பதில்கள்: 0.

"முப்பது சொல்லுகூட வரல. நூத்தியம்பது இல்லன்னு மிசினு முட்ட போட்டுருச்சு. சாருக்கே போய்ச் சேரல. அதான் உங்கள்ட்ட வந்தேன்" என்றாள் மாரிசெல்வி.

தஸ்னீம் அதை மறுபடி மேலிருந்து படித்தார். இரண்டரை வருடம், பதினொரு பேர், எத்தனையோ சண்டை. அவர் எழுதிய எந்த மாரிசெல்வியும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

(இந்த நாலு வாக்கியத்தையும் எழுதியது நீதானே என்று என்னைக் கேட்பீர்கள். ஆமாம். தஸ்னீம் செய்ததிலிருந்து நான் செய்வது எவ்வளவு தூரம் என்று யோசித்துத்தான் இந்தக் கதையை இரண்டு மாதம் மூடி வைத்திருந்தேன்.)

6

இந்தப் பகுதியில், வெள்ளிக்கிழமை தஸ்னீம் அவளுக்குப் பயிற்சி கொடுப்பதாக ஒரு காட்சி இருந்தது. எடுத்துவிட்டேன். மாரிசெல்வி வெள்ளிக்கிழமை வரவில்லை. பிரிண்ட் எடுத்த தாள்களை அவள் வியாழனன்றே கொண்டுபோயிருந்தாள்; படித்தாளா என்று தெரியாது.

7

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தேர்வு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற உள்ளறையை ஒதுக்கிக் கொடுத்தார் தஸ்னீம். விதி கண்டிப்பானது. தேர்வெழுதுபவர் மட்டும்தான் அறையில் இருக்க வேண்டும். இரண்டாவது முகமோ இரண்டாவது குரலோ வந்தால் கணினியே தேர்வை நிறுத்திவிடும். அந்தத் தேர்வு செல்லாது.

"நான் என்ன சொல்லப் போறேன்னு நீங்க கேக்கவே இல்லியேக்கா?" என்றாள் மாரிசெல்வி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

கேட்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து தஸ்னீமுக்கு இருந்தது. "மூணு வருசம் தடைட்டி. பி.எட். இடம் போயிரும். அத மட்டும் மனசுல வச்சுக்கோ" என்று சொல்ல வாய் வரை வந்தது. "தண்ணி வேணுமாட்டி?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

கதவில் முக அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே மாரிசெல்வியின் பக்கவாட்டு முகமும், திரையில் ஹரிகிருஷ்ணனின் சிறிய முகமும் தெரிந்தன. சத்தம் கேட்கவில்லை. ஐந்தாறு கேள்விகள் போயிருக்கும். பிறகு ஹரிகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஏதோ கேட்டார். அது எந்தக் கேள்வி என்று தஸ்னீமுக்குத் தெரிந்துவிட்டது.

மாரிசெல்வி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. 'ஆமா சார், வித்தாரு' என்கிறாள். தேறுகிறாள். பி.எட். சேருகிறாள். நூற்றுப் பதினாலு ஆட்டையும் மேய்க்கிற அப்பாவை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு...

ஆ. 'இல்ல சார்' என்கிறாள். மூன்று வருடம். மற்றப் பத்துப் பேரும் மாட்டிக்கொள்கிறார்கள். முப்பது வருடம் கழித்து ஒருவரிடம் மனம் திறந்த மனிதர், அங்கே ஆளே இல்லை என்று தெரிந்துகொள்கிறார்.

இ. அவள் உண்மையைச் சொல்கிறாள். சொல்கிற விதத்தில் அவர் நெகிழ்ந்து, அந்த மாடுகளின் பெயரை அவளிடம் சொல்கிறார். தடை இல்லை. எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே கிழித்தேன். ஆறு ஆட்டை விற்றபோது தஸ்னீமுக்கும் இப்படித்தான் பிடித்திருக்கும்.

இந்தக் கதை முழுக்க நான் தஸ்னீமின் பக்கத்திலேயே இருந்தேன். இப்போதும் அவரோடு கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். மாரிசெல்வி பேச ஆரம்பித்துவிட்டாள். உதடு அசைவது தெரிகிறது. கை ஒரு தடவை மேலே போய் எதையோ அளந்து காட்டிவிட்டு இறங்குகிறது. ஆசிரியர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை, கையிலேயே வைத்திருக்கிறார். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று இரண்டரை வருடத்தில் முதல்முறையாகத் தஸ்னீமுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் திறந்துகொண்டு போகலாம். திறந்தால் திரையில் இரண்டாவது முகம் விழும். தேர்வு அந்த நொடியே நின்றுவிடும்.

அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை.