பின்னால் இருந்த மலை

புதுக் கேமரா வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை. அறுபத்தொரு மெகாபிக்சல் என்று என் வீட்டுக்காரர் விஜிதரன் சொல்லும்போது, ஏதோ அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே போட்டதுபோல் இருக்கும். லிந்துலை டவுனில் பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. படம் எடுப்பது அவர், கம்ப்யூட்டரில் அதைச் சரிபண்ணுவது நான். அதாவது புகழ் அவருக்கு, கண்வலி எனக்கு.

நல்லது இல்லையென்று சொல்லமாட்டேன். கூட்டமாக நிற்கிற படத்திலிருந்து ஓர் ஆளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம். சேலைச் சரிகையில் இழை இழையாகத் தெரியும். ஆனால் தெரியக் கூடாததும் சேர்ந்து தெரிகிறதே! கலியாணப் பெண்ணின் மேலுதட்டு மயிர், மாப்பிள்ளை சவரம் செய்யும்போது பட்ட வெட்டு, மாமியார் பவுடர் போட மறந்த கழுத்து என்று எல்லாவற்றையும் நான்தான் துடைக்க வேண்டும். ஒரு படத்தைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். ஹார்ட் டிஸ்க் நிறைந்துகொண்டே இருக்கும்.

"இம்புட்டுத் துல்லியமா எடுத்து என்ன பிரயோசனம்? கடைசில நான் உக்காந்து அழிக்கத்தானே போறேன்" என்பேன்.

"அழிக்கணும்னாலும் மொதல்ல இருக்கணும்ல" என்பார் அவர். சொல்லிவிட்டு லென்சைத் துடைக்கப் போய்விடுவார்.

நான் அதிகமாக அழித்தது மயிரையும் பருவையும் அல்ல, லயத்தைத்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "லயம் தெரியக் கூடாதுங்க." வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் தொழிலாளர் அறைகள், தகரக் கூரை, காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் வைத்த கல்லும் டயரும், வாசலில் காயும் துணி, இவை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகிற பெண் தன் சிநேகிதிகளுக்குக் காட்டும் படம் அல்லவா? ஆகவே ஆளைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் ஓர் ஏரியையோ, பனிமலையையோ, யாருடைய அரண்மனையையோ வைப்பேன். எனக்கு அதில் கோபம் இல்லை. நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். என் கலியாணப் படத்தில் எனக்குப் பின்னால் ஓடுவதும் ஏதோ ஊர்பேர் தெரியாத நாட்டின் ஆறுதான்.

ஐப்பசி தொடக்கத்தில் அண்ணன் மகள் சுதர்ஷினிக்குச் சடங்கு வைத்தார்கள். தண்ணீர் ஊற்றிய அத்தை நான், படம் எடுத்தது என் வீட்டுக்காரர். என் அண்ணன் கந்தப்பனுக்குத் தோட்டத்து வேலை போக ஒரு பசு மாடு உண்டு. லயத்தின் கடைசியில் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார். அந்த மாட்டின் பாலில்தான் சுதா டியூசன் போகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சடங்கன்று மாரியம்மன் கோயில் மைதானத்தில் பிள்ளையை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் லயம், லயத்துக்கு மேலே தேயிலை மலை. "பின்னால இருக்கிறதெல்லாம் மறைச்சிருவல்ல?" என்று அண்ணன் இரண்டு தடவை கேட்டார்.

"மறைச்சிர்றேண்ணே" என்றேன்.

மறைப்பதற்காகத்தான் அன்றைக்குப் படத்தைத் திறந்தேன். சுதாவின் தலைமுடியைச் சுற்றி வெட்டுவதற்காகப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, அவள் காதோரத்தில் மலை தெரிந்தது. பழைய கேமராவில் செடிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். இதில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிந்தது. செடிகளுக்கு நடுவே, லயத்துக்கு நேர் மேலே, சிவப்பாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே இருந்த செடிகள் மேலே இருந்தவற்றைவிட ஒரு படி இறங்கி நின்றன.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாதையா இருக்கும்" என்றார். அந்த மலையில் எந்தப் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே பாதை கிடையாது.

அடுத்த நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கான். தண்ணி போக வெட்டினது. எப்பவோ வெட்டி மூடிக் கெடக்கு. ஒங்கேமராவுக்கு இப்பத்தான் தெரியுது."

"கான் இப்படியா வளஞ்சு போவும்?"

"ஷாமிலா, போன தடவையும் இப்படித்தான் மலை சரிஞ்சு வருது வருதுன்னு எங்கள ஸ்கூல்ல கொண்டு போயி அடச்சாங்க. மழை முடியிற வரைக்கும் கெடந்தோம். மலை வரல. திரும்பி வந்து பாத்தா கோழிய காணோம், தோட்டத்துல போட்ட லீக்ஸ் பாத்திய காணோம். இன்னொரு தடவ என்னால ஆவாது."

பிரதேச செயலகத்தில் மண்சரிவு, வெள்ளம் மாதிரி இடர் வேலைகளைப் பார்க்கிறவர் செல்வரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. படத்தைக் காட்டியதும் நேரிலேயே வந்து மலையேறிப் பார்த்தார். வெடிப்பு இருந்தது. ஆனால் அதற்குள் புல் முளைத்திருந்தது.

"பிள்ளை, இது புதுசோ பழசோ எண்டுதான் கேள்வி" என்றார். "நூறு வருசமா அசையாமல் கிடக்கிற வெடிப்பும் இருக்கு. போன வருசத்துப் படம் ஏதும் கிடக்கே? இதே இடம் தெரியிற மாதிரி?"

கிடக்கிறதா என்று கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கோயில் மைதானத்தில் நாங்கள் எடுக்காத படமா? தீபாவளி, தேர், கலியாணம், சடங்கு, காது குத்து எல்லாம் அங்கேதான். ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து எல்லா டிஸ்க்கையும் திறந்தேன்.

மலை எங்கேயும் இல்லை. மாப்பிள்ளை விஜயகுமாருக்குப் பின்னால் பனிமலை. சடங்குப் பெண் பிரியந்திக்குப் பின்னால் ரோஜாத் தோட்டம். என் அண்ணன் குடும்பத்துக்குப் பின்னால் ஏரியும் அன்னமும். முடித்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடுவது எங்கள் வழக்கம், இடம் போதாது. லயத்து ஆட்களிடம் போனில் எடுத்த செல்பி இருக்குமா என்று கேட்டேன். இருந்தது. அதிலும் அவரவர் திரும்பி நின்று லயம் விழாமல் எடுத்திருந்தார்கள். விழுந்த ஒன்றிரண்டில் மலை கரைத்த பச்சைச் சாயம் மாதிரி இருந்தது. ஒரு லயமே சேர்ந்து தனக்குப் பின்னால் இருந்ததை அழித்து வைத்திருக்கிறது, அதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். மேசையில் தலையை வைத்து அழுதேன்.

செல்வரத்தினம் ஐயா குறைசொல்லவில்லை. "மழை எச்சரிக்கை வந்திருக்கு. சந்தேகம் எண்டு வந்தாப் பிறகு அங்க இருக்க விடேலாது. இப்போதைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். நீங்கள் ஒரே இடத்தில நிண்டு தினமும் ஒரு படம் எடுங்கோ. அசையுதோ எண்டு பாப்பம்."

அப்படித்தான் லயத்துச் சனம் முழுவதும் மறுபடியும் கோயிலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. காலையில் கோயில் சூலத்தடியில் நின்று நான் படம் எடுப்பேன். வீட்டுக்காரர் குடை பிடிப்பார். பிறகு பள்ளிக்கூடத்து மூலையில் உட்கார்ந்து முந்தின நாள் படத்தோடு ஒப்பிடுவேன். கேமராவின் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு செடி ஒரு சாண் நகர்ந்தாலும் தப்பாது.

எதுவும் நகரவில்லை. மழை பெய்தது, விட்டது, வெயில்கூட அடித்தது. மலை தன் பாட்டுக்கு நின்றது. ஒரு வகுப்பறைக்குள் எத்தனை குடும்பம் கிடக்க முடியும்? பிள்ளைகளுக்குச் சளி. கக்கூசுக்கு வரிசை. எல்லாக் கோபமும் என் பக்கம் திரும்பியது. "சும்மா கெடந்த மலைய படம் புடிச்சு, எங்கள இங்க கொண்டாந்து போட்டுட்டா" என்று என் காதுபடவே பேசினார்கள். அண்ணி ஜீவராணி எனக்குத் தேத்தண்ணி தருவதை நிறுத்தினார். அண்ணனோ மாட்டைப் பள்ளிக்கூடத்தில் கட்ட விடவில்லை என்ற கோபத்தில், தினமும் விடியற்காலையில் செயலகத்து ஆட்கள் கண்ணில் படாமல் மேலே போய்ப் புல் போட்டுப் பால் கறந்துவிட்டு வருவார். நான் கெஞ்சினேன், சுதா அழுதாள். அவர் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் மலை விழட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்து விழட்டும், இவர்கள் வாயடைத்துப் போகட்டும் என்று. மாரியம்மன் சூலத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இப்படி வேண்டுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு ராத்திரி முழுக்க மழை ஊற்றியது. காலையில் சற்று விட்டதும் படம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நேற்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தேன். சிவப்புக் கோடு இப்போது கோடாக இல்லை, வாய் திறந்திருந்தது. ஒரு வரிசைச் செடிகள் சாய்ந்து கிடந்தன. லயத்துக்குப் பின்னால் இருந்த கல்மதில் வயிறு தள்ளி நின்றது.

'அப்பாடா' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் சொன்னது பொய்யில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டத் திரும்பியபோது, படத்தின் கீழ்ப் பக்கம் கண்ணில் பட்டது. மாட்டுக் கொட்டகை வாசலில் நீலச் சாரம் கட்டிய ஓர் உருவம் குந்தியிருந்தது. பெரிதாக்கினேன். அண்ணன். பக்கத்தில் வாளி. மாடு அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன் எடுத்தேன். "அண்ணே, ஒடனே எறங்கி வாங்க. மலை நகந்துருச்சு."

"நேத்தும் இதத்தானே சொன்ன."

"நேத்து நகரலண்ணே, பயமா இருக்குன்னுதான் சொன்னேன். இன்னைக்கு நெசமாவே நகந்துருக்கு. படம் இருக்கு."

"ஒன் படத்த நீயே வச்சுக்க. பால கறந்துட்டு வாறேன்" என்று கட் பண்ணிவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மூன்றாவது தடவை அவர் எடுத்தபோது, "சுதா மயங்கி விழுந்துட்டாண்ணே, பேச்சு மூச்சில்ல" என்றேன்.

போன் அப்படியே கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது.

ஒற்றைச் செருப்போடு, முழங்காலில் ரத்தத்தோடு ஓடிவந்து சேர்ந்தார். சுதா வாசற்படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை ஓங்கினார், அண்ணி குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டார். "அடிங்கண்ணே, அடிச்சுட்டு இங்கயே இருங்க" என்றேன்.

அவர் திரும்பி மேலே போகக் கிளம்பினார். என் வீட்டுக்காரரும் இரண்டு பையன்களும் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள். அதற்குள் நான் கூப்பிட்டிருந்த செல்வரத்தினம் ஐயா ஜீப்பில் வந்திறங்கி, இரண்டு படங்களையும் ஒரு தரம் பார்த்தார். "இனி ஒருத்தரும் மேல போகேலாது" என்றார். கூட வந்த பொலிஸ்காரர் பாதையில் கயிறு கட்டினார்.

"மாடு கட்டிக் கெடக்குதுங்கய்யா" என்றார் அண்ணன். "கயித்த அவுத்து விட்டுட்டு ஒடனே வந்துர்றேன். அது தன்னால எறங்கி வந்துரும்."

"விடேலாது அப்பன்."

"ஒரு நிமிசம்யா. அவுத்து விட்டா போதும்."

யாரும் விடவில்லை. நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுப்பகலுக்குச் சற்று முன்னால் லாரி ஒன்று கல் கொட்டுவதுபோல் சத்தம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. நின்ற பிறகு பார்த்தால், லயத்தில் பாதியைக் காணோம். கொட்டகை இருந்த இடத்தில் சிவப்பு மண் குவிந்து கிடந்தது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாத் தலையும் எண்ணிப் பார்த்துச் சரியாக இருந்தது. என்னைத் திட்டியவர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி என் காலைத் தொட்டாள். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தார். அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்தது. தேத்தண்ணியை அப்படியே எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வாங்கவில்லை. மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல எல்லாம் தெரியுதுன்னியே" என்றார். "மாடு தெரியலையா? பிள்ளைக்கு முடியலன்னு சொன்ன வாய், மாட்ட அவுத்துட்டு வாங்கன்னு சொல்லக் கூடாதா?"

மாடு தெரிந்தது. முளையும் கயிறும்கூடத் தெரிந்தன.