பெயர் எழுதும் இடத்தில் தேதி

ஜப்பானின் வடகோடியில் இருக்கும் அசாஹிகாவா ஊர் மருத்துவமனையில் மிசாவோ காய்ச்சலோடு எழுதி நீட்டிய தாளை வரவேற்பில் இருந்த பெண் திருப்பித் தந்தாள்.

"பேரு எழுதுற இடத்துல ஏப்ரல் ஒண்ணுன்னு தேதி போட்டிருக்கீங்கம்மா."

"அது தேதியில்ல. என் வீட்டுக்காரர் குடும்பப் பேரு. எழுதுறது அப்படி, படிக்கிறது வத்தனுக்கி."

கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

"அப்படின்னா?"

"பஞ்சை எடுக்கிறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஏப்ரல் ஒண்ணு அன்னிக்கு, குளிர் போயிடுச்சுன்னு உடுப்புக்குள்ள வச்சுத் தைச்ச பஞ்சை உருவிடுவாங்களாம்."

அந்தப் பெண் காலண்டரைப் பார்த்தாள். ஏப்ரல் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ நீங்க இன்னும் உருவலையா?"

மிசாவோ தடித்த கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

"பேரு வச்ச புண்ணியவான் இந்த ஊர்ப் பக்கம் வந்ததே இல்லம்மா."