சூடு ஆறாத பெட்டி

"அம்மா, தாத்தா வீட்டு நெட்டும் நம்ம வீட்டு நெட்டும் ஏம்மா பேசிக்க மாட்டேங்குது? சண்டையா?"

யு.கே.ஜி. படித்தபோது ஆஷ்லின் கேட்ட கேள்வி அது. அன்று பிரின்ஸி சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இன்று சிரிப்பு வரவில்லை.

நீடாமங்கலம் பக்கத்தில் அவர்களுடையது ஒரே மனையில் இரண்டு வீடுகள். முன்வீட்டுக் கணினிக்கு, வைஃபை இல்லாத ஒரு பெட்டியிலிருந்து வயரில் இணையம் வரும். களத்துக்கு அந்தப் பக்கம், பின்வீட்டில், மாமனார் அடைக்கலராஜ் டிவிக்காகப் போட்ட சிம் வைஃபை தனி; அதில் வயர் செருக இடமில்லை. வீட்டிலிருந்தே மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு இன்று காலை பிரின்ஸிக்கு ஆன்லைன் தேர்வு. கணினியும், பக்கவாட்டில் அவளைப் படம்பிடிக்கும் செல்போனும் ஒரே இணைப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நேற்றிரவுதான் வந்தது. கணினியில் வைஃபை கிடையாது. களம் தாண்டி வயர் எட்டாது. முன்வீட்டுக்குப் புதிய வைஃபை பெட்டி வாங்கக் கையில் காசில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவன் எல்வினுக்குச் சில மாதங்களாகச் சம்பளமே வரவில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஆஷ்லினைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதுதான்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு பர்வினிடம் ஓடினாள். பர்வின் உள்ளே போய் ஒரு வைஃபை பெட்டியோடு வந்தாள்.

"பழசு. சும்மாத்தான் கெடக்கு, எடுத்துட்டுப் போ."

"அக்கா, உங்களுக்கு..."

"பரீட்ச எழுதப் போறியா, என்னைய விசாரிக்கப் போறியா? ஓடு!"

பெட்டி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதை யோசிக்க நேரமில்லை.

வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து, பர்வின் பெட்டியின் நீலத் துளையில் செருகினாள். போனுக்கு இணையம் வந்தது. ஆனால் தேர்வுச் செயலி 'வேறு இணைப்பு' என்றது. மஞ்சள் துளைக்கு மாற்றியதும் இணையம் வந்து வந்து போயிற்று.

"என்னம்மா ஆச்சு?" என்றார் அடைக்கலராஜ்.

"ரெண்டு பெட்டியும் நான்தான் வழி காட்டுவேன்னு நிக்குது மாமா."

"ஒரு வாய்க்காலுக்கு ரெண்டு பேரு மடை தெறந்தா வெட்டுக்குத்துதான். ஒருத்தன வீட்டுக்கு அனுப்பு."

பர்வின் பெட்டியின் அமைப்புக்குள் போய், அது தானாக இணைய முகவரி கொடுப்பதை நிறுத்தி, அந்த வேலையை வீட்டுப் பெட்டிக்கே விட்டாள். செயலி பச்சை காட்டியது. சிலுவை போட்டுக்கொண்டு தேர்வைத் தொடங்கினாள். முடியும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது; போனைத் தொடக் கூடாது.

பாதித் தேர்வில் வானம் இருண்டு இடி இடித்தது. டெல்டாவில் இடிச் சத்தம் கேட்டால் எந்த வீட்டிலும் கை முதலில் பிளக்கைத்தான் தேடும். போன ஐப்பசியில் மின்னல் இறங்கி அடைக்கலராஜின் டிவி கருகியிருந்தது. களத்தில் நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஓடிவந்தவர், பழக்கத்தில் முன்வீட்டுப் பெட்டிகளின் பிளக்கைப் பிடுங்கினார்.

பெட்டிகள் இரண்டும் அணைந்தன.

"மாமா!"

அந்தக் குரலில் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே திரும்பச் செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கணினிக்கு இணையம் வந்தது. செயலி மட்டும் மறுபடி 'வேறு இணைப்பு' என்றது. மூன்று நிமிடத்தில் சரியாகாவிட்டால் தேர்வு ரத்து. எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"போன் உங்க வைஃபைக்குத் தாவிடுச்சு மாமா. நான் எழுந்திரிக்கவும் முடியாது, அதத் தொடவும் முடியாது..."

"எங்க வீட்டுக்குத்தானே? அதையும் புடுங்குறேன்!"

எழுபது வயதுக்காரர் கொட்டும் மழையில், சகதியில் ஓடினார். களத்தின் நடுவே வழுக்கி விழுந்த சத்தம் கேட்டது. பிரின்ஸி நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எண்கள் இறங்கின. பின்வீட்டு வைஃபை அணைந்ததும் போன் தடுமாறி, முன்வீட்டுக்கே திரும்பியது. பச்சை.

தேர்வு முடியும்வரை அடைக்கலராஜ், முழங்காலில் ரத்தத்தோடு, பிளக்குக்குப் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நின்றார். கை இன்னொரு தடவை அதன் பக்கம் போகவில்லை.

காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, பெட்டியோடு பர்வின் வீட்டுக்குப் போனாள். பர்வின் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாவி வழக்கம்போல ஜன்னல் கட்டையில் இருந்தது. உள்ளே, சுவரில் பெட்டி அளவுக்குத் தூசியில்லாத ஒரு சதுரம். அதன் கீழே தொங்கும் வயர். மஸ்கட்டிலிருக்கும் பர்வினின் மகள் ஹாஃபிஸா மதியம் கூப்பிடுவது இதில்தான். காலையில் பெட்டி ஏன் வெதுவெதுப்பாக இருந்தது என்று அப்போது விளங்கியது.

கொடுத்தவர் மறைத்து வைத்ததை வாங்கியவர் வெளியே இழுக்கக் கூடாது. பிரின்ஸி பெட்டியை ஆணியில் மாட்டி, முகவரி கொடுப்பதைத் திரும்ப இயக்கி, வயரை நீலத் துளையிலேயே செருகினாள். போனில் சோதித்தாள். சரியாக இருந்தது. அதற்குள் மறுபடி இடி உறுமவே, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இடி கிழக்கே நகர்ந்து ஓயும்வரை காத்திருந்து, திரும்பச் செருகினாள்.

விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. கதவைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.