கேப்டன் மேசையின் பதினான்காவது ஆள்

1909ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, லிவர்பூலிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த 'ரெகாலியா' என்ற பெருங்கப்பலில், நாகரிக உலகத்தையே நிலைகுலைய வைக்கக்கூடிய சம்பவம் ஒன்று நடந்தது என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறோம். சர் மார்மடூக் ஸ்லீ வாந்தி எடுத்தார்.

கீழ்த்தளத்தில் மூன்றாம் வகுப்பில் எண்ணூறு பேர் அயர்லாந்துக் கரையைத் தாண்டியதிலிருந்தே வாந்தி எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது செய்தியல்ல. சர் மார்மடூக் அன்று பகல் கேப்டனின் மேசையில் விருந்துண்ண வேண்டியவர். விருந்தினர் அட்டையில் பொன்னெழுத்தில் பதினான்கு பெயர்கள் அச்சாகியிருந்தன. அதில் ஒன்று போனால் பதின்மூன்று. பதின்மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால், முதலில் எழுந்திருப்பவர் ஆண்டு முடிவதற்குள் செத்துப்போவார் என்பது முதல் வகுப்பில் பயணம் செய்யும் எவருக்கும் தெரிந்த விஞ்ஞானம்.

கப்பலின் கணக்கதிகாரி சுலபமான வழி ஒன்று வைத்திருந்தார். பட்டியலில் கடைசிப் பெயரையும் அடித்துவிட்டால் பன்னிரண்டு. கடைசிப் பெயர் லேடி தோர்ன்கேட்.

"அதெப்படி அடிப்பீங்க?" என்றாள் லேடி தோர்ன்கேட், தன் அறை வாசலில் நின்றபடி. "என் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி கூடவே வந்திருக்கா. அவளைச் சேர்த்துக்குங்க. பதினாலு சரியாயிடும்."

கணக்கதிகாரி நிம்மதியாகப் போனார். லேடி தோர்ன்கேட் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். உள்ளே அவளுடைய பணிப்பெண் ஹெஸ்டர் ஃபிளின்ட் தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலைதான் ஹெஸ்டர் ஒரு மாபாதகம் செய்திருந்தாள். நியூயார்க்கில் இறங்கியதும் வேலையை விட்டு நின்றுகொள்வதாகவும், அங்கே தையல் வேலை தேடப்போவதாகவும் சொல்லி, ஒன்பது வருஷ ஊழியத்துக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கேட்டிருந்தாள்.

கேட்டதற்குக் கிடைத்தது ஒரு ஹேர்பிரஷ். நெற்றியில் பட்டது.

"ஃபிளின்ட், அந்தச் சாம்பல் நிறப் பட்டு கவுனை எடுத்து உடுத்திக்கோ. மத்தியானம் நீ என் தூரத்து உறவு. வாயைத் திறக்காதே. கேட்டா 'ஆமாங்க'ன்னு மட்டும் சொல்லு."

"சரிங்கம்மா. கடிதம்?"

"என்ன கடிதம்?"

"நற்சான்றுங்க. அது இல்லாம நியூயார்க்ல எந்தக் கடைக்காரன் என்னை உள்ளே விடுவான்? என் தங்கச்சியே எழுதியிருக்கா, கையில காகிதம் இல்லாத பொண்ணைத் திருட்டுப் பட்டம் கட்டித் துரத்துவாங்கன்னு."

"பேரம் பேசறியா?"

"இல்லீங்கம்மா. பட்டுல ஒரு பக்கம் தையல் விட்டிருக்கு. தைக்கணும்னா ஒரு மணி நேரம் ஆகும். கடிதம் வந்தா சீக்கிரம் தைச்சிடுவேன்."

லேடி தோர்ன்கேட் மேசையில் உட்கார்ந்து எழுதினாள். எழுதி, உறையிலிட்டு, அரக்கு உருக்கி, குடும்ப முத்திரை பதித்து நீட்டினாள். "புது எஜமானர்தான் பிரிக்கணும். அதுதான் முறை. நீ பிரிச்சா செல்லாது."

அந்த முறையை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. ஒரு பெண்ணின் ஒன்பது வருஷத்தை ஒரு காகிதத்தில் எழுதி, அவள் படிக்க முடியாதபடி ஒட்டி, அவள் கையாலேயே சுமந்துகொண்டு போய்க் கொடுக்கச் சொல்வது. இங்கிலாந்து முழுக்க இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. தூக்குத் தண்டனைக் கைதிக்குக்கூடத் தீர்ப்பைப் படித்துக் காட்டுகிறார்கள்.

ஹெஸ்டர் உறையை வாங்கிக்கொண்டு எஜமானியின் முகத்தைப் பார்த்தாள். யாரையாவது புகழ்ந்து எழுத நேர்ந்தால் லேடி தோர்ன்கேட்டுக்குத் தலைவலி வரும். நெற்றியில் தடவ ஓடிகொலோன் என்ற வாசனைத் தைலம் கேட்பாள். முன்பு சமையலறை வேலைக்காரி ஒருத்திக்குக் கடிதம் எழுதியபோது கேட்கவில்லை, மெல்லப் பாட்டு முணுமுணுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் எந்த வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. இப்போதும் லேடி தோர்ன்கேட் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஹெஸ்டர் உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தையலைப் போட்டாள்.

காலை வழிபாட்டில் கேப்டன் ரெட்பாத் கணீரென்ற குரலில் ஆண்டவன் முன்னே எல்லோரும் சமம் என்று வாசித்தார். அதைக் கேட்க மூன்றாம் வகுப்புக்காரர்கள் முப்பது பேரை மேலே வரவிட்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் அவர்களைக் கீழே அனுப்பி இரும்புக் கதவைப் பூட்டினார்கள். பிறகு விருந்துக்கு மணி அடித்தது.

ஹெஸ்டருக்கு ஒரு பக்கம் கர்னல் பிளெய்ஸ். மறுபக்கம் ஹல்பர்ட் ஸ்ட்ரௌட் என்ற அமெரிக்கர். நியூயார்க்கில் ஆறு மாடிக்கு ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இரண்டாவது சுற்று சூப் வருவதற்குள் கர்னல் பக்கத்திலிருந்த பாதிரியார் ஒல்லெரன்ஷாவிடம் குனிந்து, ஹெஸ்டர் காதில் விழும்படியாகவே ரகசியம் பேசினார்.

"பரம்பரை ரத்தம்னா ரத்தம்தான், ஃபாதர். அந்தப் பொண்ணு ஃபோர்க்கைப் பிடிக்கிற அழகைப் பாருங்க. இதெல்லாம் கத்துக்கொடுத்து வராது."

ஒன்பது வருஷமாக அந்த ஃபோர்க்குகளைத் துடைத்து அடுக்கிய கை அது. ஹெஸ்டர், "ஆமாங்க" என்றாள்.

மீன் போய், ஆட்டுக்கறி போய், இனிப்பும் வந்தது. ஸ்ட்ரௌட் தன் கடையில் ஒழுங்கான தையற்காரி கிடைப்பதில்லை என்று புலம்பினார். "லண்டன் பழக்கம் உள்ளவளா ஒருத்தி கிடைச்சா நாளைக்கே வேலை போட்டுத் தருவேன்மா. எங்கே கிடைக்குது!"

ஹெஸ்டர் கைப்பையைத் திறந்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்காங்க. நற்சான்றுகூட என்கிட்டதான் இருக்கு. புது எஜமானர்தான் பிரிக்கணுமாம். நீங்க பிரிக்கலாமில்லையா?"

எதிர்வரிசையில் லேடி தோர்ன்கேட்டின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "மிஸ்டர் ஸ்ட்ரௌட், சாப்பாட்டு மேசையில வியாபாரம் வேண்டாமே—"

"எனக்கு எல்லா மேசையும் வியாபார மேசைதாங்க," என்று ஸ்ட்ரௌட் அரக்கை உடைத்தார். அவருக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது. ஆறு மாடிக்கும் கேட்கும்படி உத்தரவு போட்டே பழகிய குரல்.

"'இவள் ஒன்பது ஆண்டுகள் என்னிடம் இருந்தாள். இவளுக்குக் கை வேகம். பிறர் பெட்டிகளின் பக்கத்தில் அது இன்னும் வேகம். நாக்கு நீளம். தன் இடம் எதுவென்று மறந்துபோகிற சுபாவம். மரியாதையுள்ள எந்தக் கூரையின் கீழும் இவளைச் சேர்த்துக்கொள்ளும்படி சிபாரிசு செய்ய என் மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.'"

"அடிப்பாவி!" என்றார் கர்னல். "இப்படி ஒருத்தி இந்தக் கப்பல்லயா வர்றா? மூணாம் வகுப்புல போட்டுப் பூட்டச் சொல்லுங்க கேப்டன்!"

"பாவம், மிஸ் ஃபிளின்ட் இளகின மனசுக்காரங்க. அவங்களை எவளோ ஏமாத்தியிருக்கா," என்றார் பாதிரியார்.

ஸ்ட்ரௌட் காகிதத்தை மறுபடி பார்த்தார். "மேலே பேர் போட்டிருக்கே. ஹெஸ்டர் ஃபிளின்ட். ஏம்மா, இது...?"

"நான்தாங்க," என்றாள் ஹெஸ்டர். "கீழே கையெழுத்து யாருதுன்னும் பாருங்க. அந்தம்மாவோட தூரத்து உறவு நான். பன்னெண்டு மணியிலேர்ந்துதான் உறவு. அதுக்கு முந்தி வேலைக்காரி."

மடியில் விரித்திருந்த துணியை மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். எழுந்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஒரு பெண்மணி எழுந்தால் கனவான்கள் எழுந்திருக்க வேண்டும். கர்னல் பிளெய்ஸ் பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். வேலைக்காரிக்கு எழுந்திருக்கலாமா என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. அந்தச் சந்தேகத்தை லேடி தோர்ன்கேட்டின் அலறல் தீர்த்துவைத்தது.

"எழுந்திருக்காதீங்க! பதின்மூணு!"

கணக்கதிகாரியை அழைத்தார்கள். அவர் பொன்னெழுத்து அட்டையை எடுத்துப் படித்தார். பதினான்கு பெயர்கள். சர் மார்மடூக் போக பதின்மூன்று. ஃபிளின்ட் வந்து பதினான்கு. ஃபிளின்ட் போய் மறுபடி பதின்மூன்று. சந்தேகமே இல்லை. தலைகளை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தலை எண்ணுவது ஆடுமாடுகளுக்கும் மூன்றாம் வகுப்புக்கும் செய்வது. கனவான்களுக்குப் பட்டியல் உண்டு.

"நான் எழுந்துட்டேனா, உட்கார்ந்திருக்கேனா?" என்றார் கர்னல், நாற்காலிக்கு நான்கு அங்குலம் மேலே நின்று நடுங்கியபடி. மூன்று போர்களில் குண்டுக்கு முன்னால் நின்றவர். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

பாதிரியார் ஆராய்ந்து சொன்னார்: "முட்டி நிமிரலை. அதனால எழுந்ததா ஆகாது. மெதுவா இறங்குங்க."

கர்னல் இறங்கினார். அரை மணி நேரம் போயிற்று. ஸ்ட்ரௌட் தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று இரண்டு முறை சொன்னார், எழுந்திருக்கவில்லை. மூடுபனி இறங்குவதாக மேல்தளத்திலிருந்து ஓர் அதிகாரி ஓடிவந்தார். கேப்டன் நாற்காலியை விட்டு அசையாமல், "சங்கை ஊதச் சொல்லு, வேகத்தைக் குறை," என்று இருந்த இடத்திலிருந்தே கப்பலை ஓட்டினார்.

"பரிமாறுற ஆளை உட்கார வெச்சா என்ன?" என்றார் கர்னல்.

"பரிமாறுறவனோடவா? அதுக்கு நான் சாகலாம்," என்றாள் லேடி தோர்ன்கேட்.

"அதைத்தானே இப்போ பேசிட்டிருக்கோம், அம்மா."

தலைமைப் பரிமாறுபவரான டாட் பணிவாக இருமினார். "விருந்தாளிங்க மேசையில நாங்க உட்காரக் கூடாதுன்னு கம்பெனி ரூல்ங்க."

பாதிரியாரும் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். எழுந்து போனவளே திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் தோஷம் நீங்கும். எந்த வேதத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கும் அவசரமாக ஓரிடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

டாட் போய்ப் பார்த்தபோது ஹெஸ்டர் பணியாட்கள் சாப்பிடும் அறையில் ஆறிப்போன மாட்டுக்கறி தின்றுகொண்டிருந்தாள். மேலே நடந்த விருந்தில் பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை.

"மேலே கூப்பிடுறாங்கம்மா."

"யாரு?"

"எல்லாரும். கர்னல் கண்ணுல தண்ணி வருது."

ஹெஸ்டர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள். வாசலிலேயே நின்றாள்.

"உட்காரு ஃபிளின்ட்," என்றாள் லேடி தோர்ன்கேட்.

"அந்தக் கடிதத்துல எழுதியிருக்கிற பொண்ணு உங்க மேசையில உட்காரலாமாங்கம்மா? மரியாதையுள்ள கூரையில்லையா இது?"

"என்ன வேணும் உனக்கு?" என்று கெஞ்சினார் கேப்டன்.

"நல்லதா எழுத வேண்டாங்க. உள்ளதை எழுதினா போதும். இந்த ஒன்பது வருஷத்துல இவங்க வீட்டுல ஒரு கரண்டி காணாம போயிருந்தாலும் அதையும் எழுதட்டும். போகலைன்னா, போகலைன்னு எழுதட்டும். ஒட்ட வேண்டாம். எல்லாரும் பார்த்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

லேடி தோர்ன்கேட் கர்னலைப் பார்த்தாள். கர்னல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். பாதிரியாரைப் பார்த்தாள். அவர் காகிதத்தை நகர்த்தினார். பட்டியலின் கடைசிப் பெயர் தன்னுடையது, யாரையாவது முதலில் எழச் சொன்னால் தன்னைத்தான் சொல்வார்கள் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எழுதினாள். எழுதும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஓடிகொலோன் கேட்டாள். ஹெஸ்டருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடிதம் மேசையைச் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஹெஸ்டர் அதை ஒரு வரி விடாமல் படித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள், உட்கார்ந்தாள்.

"அப்பாடா!" என்று கர்னல் கைகளை ஊன்றினார்.

"இருங்க," என்றாள் ஹெஸ்டர். "ஒரு காபி குடிச்சுக்கறேன்."

கனவான்களும் சீமாட்டிகளும் காத்திருந்தார்கள். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு இன்னொரு கோப்பை கேட்டாள்.

நியூயார்க் துறைமுகத்தில் மூன்றாம் வகுப்பை அதே இரும்புக் கதவுக்குப் பின்னால் வரிசைகட்டி நிறுத்தி, கண்நோய் இருக்கிறதா என்று கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பதற்காகச் சோதனைத் தீவுக்கு அனுப்பினார்கள். முதல் வகுப்பு இறங்கி நடந்தது. சர் மார்மடூக்கின் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன, ஒருவரும் பார்க்கவில்லை. ஸ்ட்ரௌட் தன் முகவரி அட்டையை ஹெஸ்டரிடம் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார்.

இறங்கும் பலகையருகே டாட் அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

"எப்படியோ தப்பிச்சாங்க," என்றாள் ஹெஸ்டர். "பதின்மூணு பேரும்."

"அன்னைக்கு நான் பதினஞ்சு தட்டு வெச்சேன்மா," என்றார் டாட். "நீ எழுந்து போனப்புறம் பதினாலு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலையே."

விருந்தினர் அட்டையில் கேப்டனின் பெயர் கிடையாது.