படகில் பின்னால் உட்கார்ந்தவன்

திருத்தணி மிஷன் வளாகத்தில் எலியாசைப் போல் துடுப்புப் போட ஆள் கிடையாது. மலையும் வயலுமாக இருக்கிற ஊரில் துடுப்பு எதற்கு என்று கேட்டால், அதுதான் அவன் தலையெழுத்து. படித்தது வாத்தியார் டிரெயினிங். பாதிரி துரையோ சீமையிலிருந்து ஒரு மடக்குப் படகு வரவழைத்து வைத்திருந்தார். கித்தான் துணியும் மரச்சட்டமும்தான். கழற்றினால் இரண்டு மூட்டை. பூட்டினால் இரண்டு பேர் முன்னும் பின்னுமாகக் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. துரைக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. துரையின் ஆசையைப் பிடித்துக்கொண்டால் துரையையே பிடித்த மாதிரி என்று எலியாஸ் கணக்குப் போட்டான்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆர்.கே.பேட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் வேலை காலியாகியிருந்தது. வேலையோடு ஓட்டு வீடும் உண்டு. வளாகத்துப் பையன்களோடு பாய் போட்டுப் படுக்கிறவன் பெண்டாட்டியை எங்கே கொண்டுவந்து வைப்பான்? மார்த்தாள் கல்யாணமான நாளாகப் பள்ளிப்பட்டில் அண்ணன் வீட்டில்தான் கிடந்தாள். அண்ணி குத்திக்காட்டாத வேளையில்லை. கிறிஸ்துமஸுக்குப் போனவனிடம் முகத்தைப் பாராமலே சொல்லிவிட்டாள்.

"வூடு கெடச்சா வாங்க. பண்டிகைக்குப் பண்டிக வந்து எங்கண்ணன் வூட்டுச் சோத்தத் துன்னுட்டுப் போறதுன்னா வராதீங்க. எனக்கு வெக்கமாக் கீது."

அதே வேலைக்கு ஜோசப்பும் ஆசைப்பட்டான். அவனும் டிரெயினிங் முடித்தவன், சாது. ஏரியில் படகு பழக வரும்படி துரை ஒருநாள் ஜோசப்பைக் கூப்பிட்டார். எலியாசுக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே ஜோசப்பைக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, உன் நல்லதுக்குச் சொல்றேன். கவுந்துதுன்னா காலு உள்ள மாட்டிக்கும். தல கீழ தொங்கிக்கினே தண்ணி குடிச்சிச் சாவணும். போன மாசம் நான் பொழச்சதே ஆண்டவர் கிருப."

"ஐயையோ!" என்றான் ஜோசப். நேரே துரையிடம் போய், தண்ணீரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டான். எலியாஸ் அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டான்.

ஜெர்மன் சண்டை முடிந்த மறுவருஷம் தை மாதத்தில் துரை பழவேற்காட்டுக்குப் புறப்பட்டார். காயலும் கடலும் கலக்கிற இடத்தில் சின்னச் சின்னத் தீவுகள். ஒரு பகல் முழுக்கத் தீவுக்குத் தீவு போய்வர வேண்டுமாம். மூட்டைகளைச் சுமந்து ரயிலேற்றி, இறக்கி, கரையில் பூட்டி, விடிந்ததும் தண்ணீரில் தள்ளியது எலியாஸ்தான். இன்றைக்குக் கேட்டே தீருவது என்று வந்திருந்தான்.

கேட்பதில் ஒரு சங்கடம் இருந்தது. முன்னால் துரை, பின்னால் அவன். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாலே காரியம் விளங்காது. வேலை கேட்டால் விளங்குமா? ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் சகுனம் மட்டும் அவன் வீட்டை விட்டுப் போகவில்லை. முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தான். முதல் தீவில் துரை பூநாரைகளைக் கண்டுவிட்டார். எடுத்த தூரக்கண்ணாடியை வெயில் உறைக்கும்வரை கீழே வைக்கவில்லை. இரண்டாம் தீவுக்கு முகத்துவாரத்தைக் கடந்து போகவேண்டியிருந்தது. கடல் அலை பக்கவாட்டில் அடித்து மடியெல்லாம் உப்புத் தண்ணீர். பல்லைக் கடித்துக்கொண்டு எலியாஸ்தான் படகைக் கவிழாமல் கரை சேர்த்தான். துரை ரொட்டியைத் தின்றார், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். தொப்பியிடம் எப்படிக் கேட்பது? மூன்றாம் தீவில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களெல்லாம் இந்த அதிசயப் படகைப் பார்க்கக் கூடிவிட்டார்கள்.

பொழுது சாயத் திரும்பினார்கள். கரையேறினால் வண்டி, ரயில், கூட்டம், இனி நேரமில்லை. கண்ணெதிரே துரையின் வியர்த்த முதுகு மட்டும் தெரிந்தது. சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று எலியாஸ் வாயைத் திறந்தான்.

"ஐயா, அந்த ஆர்.கே.பேட்டை வேலய எனக்குக் குடுத்தீங்கன்னா என் சம்சாரத்தக் கூட்டியாந்துடுவேங்க. ரெண்டு வருசமா அவ அண்ணன் வூட்லயே கீறா. பேச்சு வாங்கிக்கினு கீறாங்க."

துரை திரும்பவில்லை, அந்தப் படகில் திரும்பினால் கவிழும். வேதப் புத்தகத் தமிழில் சாவதானமாகச் சொன்னார்.

"எலியாசே, உம்முடைய பெயரையே முதலாவது நினைத்தேன். மெய்யாகவே நீரே தகுதியுள்ளவர். ஆனாலும் நீர் போய்விட்டால் என்னோடுகூடப் படகில் வருகிறவர் யார்? ஜோசப்போ தண்ணீருக்குப் பயப்படுகிறவர். அவரை இங்கே வைத்து நான் என்ன செய்வேன்? ஆகையால் அவருக்கே உத்தரவு கொடுத்துவிட்டேன்."

ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அமிசம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். எலியாஸ் கழுதையைத் தானே தேடிப் பிடித்ததோடு, மேய்க்க வந்த இன்னொருவனையும் விரட்டியல்லவா விட்டான்! துரைமேல் ஆத்திரம் வந்தது. ஜோசப்மேல் வந்தது. கடைசியில் தன்மேலேயே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து உப்புத் தண்ணீர் குடிக்கலாம். அதற்கும் துணிச்சல் வரவில்லை. மார்த்தாளிடம் என்ன சொல்வது? நான் நன்றாகத் துடுப்புப் போட்டேன், அதனால் உனக்கு வீடு இல்லை என்றா?

துடுப்பைத் தூக்கி மடிமேல் வைத்துக்கொண்டான். இனிமேல் போடுவதில்லை. நீ இல்லாமல் முடியாது என்றாரே, முடியாமலே நிற்கட்டும் இந்தப் படகு.

படகு நிற்கவில்லை. கடல் காற்று பின்னாலிருந்து தள்ள, துரை தம் பாட்டுக்கு இடமும் வலமுமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கரை கிட்டே வந்துகொண்டே இருந்தது. பின்னால் ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவே இல்லை.

"நன்றாய்ப் போகிறோம், எலியாசே," என்றார்.

"ஆங், நல்லாப் போறோங்க," என்றான் எலியாஸ்.