காய்ச்சல் என்று எழுதிய தாள்

விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுச் சரிவேறிய கருப்பாயி, நாற்பதாவது ரப்பர் மரத்தில் பால்வெட்டும் உளியை வைத்தபோதுதான் கிழக்கு வெளுத்தது. முந்தின நாள் மழை. மரத்தில் கட்டிய மங்குக் கோப்பைகளில் தண்ணீர் தேங்கி, அடியில் மிச்சமான ஒட்டுப்பால் அழுகிக் கிடந்தது. விரலால் வழித்து இடுப்புச் சாக்கில் போட்டாள். சாக்கு செத்த எலிபோல நாறியது. பதினோரு வருஷமாக அந்த நாற்றத்தோடு சோறு தின்றவள்தான். ஆனால் இந்த நாலு மாதமாக, குனிகிறபோதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவள் புருஷன் சின்னத்தம்பியின் கை கடைசி நாட்களில் இப்படித்தான் நாறியது.

மலாயாவில், ஜொகூர் ராஜ்ஜியத்தின் லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து மூன்று கல் தொலைவில் இருந்தது அந்தத் தோட்டம். ரப்பர் விலை விழுந்த வருஷம், கூலியைக் குறைத்தார்கள். பிறகு பாலை உறையவைத்து ஷீட்டாக்கும் ஸ்டோரில் ஆளைக் குறைத்தார்கள். இரண்டு பேர் பார்த்த ரோலர் மிஷினில் சின்னத்தம்பி ஒருவனே நின்றான். வேலை ஓடவேண்டும் என்று ரோலருக்கு முன்னால் இருந்த தடுப்புத் தகட்டையும் கழற்றி வைத்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, பால்கட்டியோடு அவன் வலது கையும் முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டிய துணியை நாலு நாளாக மாற்றவில்லை. பதினோராம் நாள் செத்தான்.

புதைத்த மறுநாள், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சோமசேகரம் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளில் ரேகை வாங்கினார். என்ன தாள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஊரில், முசிறிப் பக்கம், சின்னத்தம்பி பேரில் கொஞ்சம் புன்செய் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் அங்கே கருப்பாயியின் தாயிடம் வளர்ந்தாள். செய்தி போய்ச் சேர்ந்ததும் சின்னத்தம்பியின் அண்ணன் நிலத்தில் ஏர் பூட்டினான். தாய் கேஸ் போட்டதும், தம்பி மலாயாவில் உயிரோடு இருக்கிறான், கருப்பாயி அவன் கட்டினவளே இல்லை என்று கோர்ட்டில் சொன்னான். இறந்த சர்டிபிகேட்டும், அவள்தான் மனைவி என்பதற்கு எழுத்தும் வேண்டும், இரண்டிலும் மலாயாவில் போட்ட முத்திரை இருந்தால்தான் ஊர்க் கோர்ட்டில் செல்லும் என்று தாயின் வக்கீல் கடிதம் போட்டார்.

கூடப் பால் வெட்டும் சபாபதிக்குத் தமிழ் படிக்க வரும். ஆனால் ஆபீசில் கொடுத்த சர்டிபிகேட் இங்கிலீஷில் இருந்தது. இருவரும் ரயிலடிக் கடைத்தெருவில் இருந்த மனு எழுதுகிறவரிடம் கொண்டுபோனார்கள். அவர் இரண்டு தரம் படித்தார்.

"காய்ச்சல்ல செத்தான்னு போட்டிருக்கும்மா. கல்யாணம் ஆகாதவன்னு போட்டிருக்கு. கீழ உன் ரேகை இருக்கு."

கருப்பாயி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சாணியில் வைத்த கையைப் பார்ப்பதுபோல முகம் சுளித்தாள்.

ஜொகூர் பாருவில் மாஜிஸ்திரேட்டு கையெழுத்து, அதன்பின் கோலாலம்பூரில் இந்தியா சர்க்கார் ஏஜெண்டின் முத்திரை. இரண்டும் விழுந்தால் தாள் கப்பலேறலாம் என்று மனுக்காரர் விளக்கினார். "முத்திரைங்கிறது கையெழுத்து நிசந்தானான்னு மட்டும் பாக்கும். மேல எழுதுனது நிசமான்னு அதுக்குத் தெரியாது. இந்தப் பொய்க்கு முத்திரை விழுந்தா, அந்தக் கரையில அதுதான் சத்தியம்."

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போனாள். கிராணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் விரல்கள் வெள்ளையாக, ஊறவைத்த அரிசிபோல இருந்தன. அந்த விரல்கள்தான் எழுதின என்று நினைத்து அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உள்ளறையிலிருந்து வந்து ஏதோ கேட்டார். கிராணி தன் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்:

"துரை கேக்கிறார், தந்த தாளுக்கு என்ன குறை எண்டு?"

"அவரு காய்ச்சல்ல சாவலைங்க. மிஷின்ல செத்தாரு."

"மிஷின் ஆளைக் கொல்லுமோ? அவன் கவனமில்லாமல் நிண்டவன். கடைசியிலை காய்ச்சல் வந்ததுதானே."

"கையி அழுகுனா காய்ச்சல் வராதுங்களா?"

கிராணி அதைத் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். துரை அவள் ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் தருவதாகவும், ஒரு வாரத்தில் லய வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் சேதி பரவியது. சின்னத்தம்பி நின்ற இடத்தில் இப்போது நின்றவன் ஐயாசாமி. தகடு இன்னும் போடவில்லை. அவன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு சொன்னான்: "நாளைக்கு என் கையி போனாலும் காய்ச்சல்னுதான் எழுதுவாங்க. தாள் தயாரா இருக்குமுங்க."

எல்லாருக்கும் அந்த ஸ்டோரின் புளித்த வாடை நாக்கில் வந்து நின்றது. சபாபதிதான் முதலில் சாட்சிக்கு வருகிறேன் என்றான். தோட்டத்து அம்மன் கோயிலில் கருப்பாயியும் சின்னத்தம்பியும் மாலை மாற்றியதைத் தானே பார்த்ததாக ராசம்மா சொன்னாள். நடந்ததைச் சொல்லி மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுதியாயிற்று. ரயில் கூலிக்கு ராசம்மா தன் கோழிகளை விற்றாள். மற்றவர்கள் கையிலிருந்ததைப் போட்டார்கள். திங்கட்கிழமை பெரட்டுக்கு முப்பத்தொரு பேர் வரவில்லை; ரயிலேறிவிட்டிருந்தார்கள்.

ஜொகூர் பாரு கோர்ட்டு வாசலில் அவர்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். துணியில் ஒட்டுப்பால் நாறியது. போகிறவர்கள் விலகிப் போனார்கள். பதினோரு மணிக்குத் துரையின் மோட்டார் வந்தது. இறங்கியது கிராணி மட்டும். கருப்பாயியைத் தனியே அழைத்து ஒரு புதுத் தாளை நீட்டினார்.

"உனக்கு வேண்டியது மனைவி எண்ட ஒரு சொல்தானே? எழுதியாச்சு. முத்திரைக்கும் நானே அனுப்புறன். மனுவைத் திருப்பி வாங்கு. இவையள் வேலைக்குத் திரும்பட்டும்."

"காய்ச்சல்?"

"அது இருக்கட்டும். காணிக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மைதான். அந்தத் தாள் போதும். மகளுக்கு நிலம் வந்துவிடும். அவள் திரும்பிப் பார்த்தாள். பேச்சு மற்றவர்கள் காதில் விழுந்திருந்தது போலும். சபாபதி எழுந்து வந்தான். "வாங்கிக்கக்கா. புள்ளைக்குன்னு வந்தே. எங்க பாட்ட நாங்க பாத்துக்கறோம்."

அவன் பின்னால் ஐயாசாமி மண்ணைப் பார்த்தபடி இருந்தான். முழங்கால்மேல் அவனுடைய இரண்டு கைகளும் முழுசாகக் கிடந்தன.

"வேணாங்க ஐயா," என்றாள் கருப்பாயி. "அவரு எப்பிடிச் செத்தாருன்னு எழுதாத தாளு, அவரு சர்டிபிகேட் இல்லீங்க. அத வாங்கிட்டுப் போனா, இவங்க கையெல்லாம் மிஷினுக்கு எழுதிக் குடுத்ததா ஆயிடும்."

"பிறகு உனக்கு ஒண்டும் கிடைக்காது. லயத்திலை ஒருத்தரும் இருக்க மாட்டியள்."

"அதையும் கோர்ட்டுக்குள்ள சொல்றோமுங்க."

கிராணி தாளை மடித்தார். மோட்டார் போய்விட்டது. மாஜிஸ்திரேட்டு நம்புவாரா, தோட்டத்தில் தங்கள் சட்டி பானை இந்நேரம் வெளியே கிடக்கிறதா, ஊரில் கேஸ் எப்போது வருகிறது, எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் பல நாளைக்குப் பிறகு மூக்கை மூடாமல் அவளால் மூச்சுவிட முடிந்தது.

கோர்ட்டுப் பியூன் வாசலுக்கு வந்து, இரண்டு சாட்சி போதும், மற்றவர்கள் போகலாம் என்றான்.

"செத்தவரு கைய நாங்களும் பாத்தோம்," என்று ஐயாசாமி எழுந்தான். "எங்களையும் எழுதச் சொல்லுங்க."

ராசம்மா எழுந்தாள். ஒவ்வொருவராக எல்லாரும் புடவையையும் வேட்டியையும் உதறிக்கொண்டு எழுந்தார்கள். பியூன் தலைகளை எண்ணினான். பிறகு இன்னும் தாள் எடுத்துவர உள்ளே போனான்.