நல்லாத்தான் இருக்கு

புறவழிச்சாலையை ஒட்டி வரிசையாக நாற்றுப்பண்ணைகள் இருந்தன. ரோஜா, குரோட்டன்ஸ், தொங்கும் தொட்டிச் செடிகள் என்று வாசலிலேயே கண்ணைப் பறிக்கும்படி அடுக்கி வைத்திருப்பார்கள். கடைசிப் பண்ணையில் மட்டும் பூ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பச்சை நிழல்வலைக்குக் கீழே முழுக்க இலையும் கொடியும்தான். புதிதாக வருகிறவர்களுக்கு யாரோ வேலைமெனக்கெட்டுக் களை வளர்த்திருப்பது போலத் தெரியும். அந்தப் பண்ணைக்காரருக்கு அக்கம்பக்கத்தில் ‘தின்னுபாரு’ என்று பெயர். யார் வந்தாலும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், ஒரு இலையையோ காயையோ பறித்து நீட்டி, தின்னு பாருங்க என்பார். ரோஜா வாங்க வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்கு நழுவிவிடுவார்கள்.

அவர் வளர்த்ததெல்லாம் தின்னக்கூடியவைதான்; தின்னத்தான் ஆள் இல்லை. ஓரங்களில் இறக்கை வைத்தது போல நீளமாகக் காய்க்கும் சிறகவரை. கொடியிலேயே உருளைக்கிழங்கு தொங்குவது போலக் காய்க்கும் காய்வள்ளி. உள்ளே வேகவைத்த மஞ்சள் கரு மாதிரி மாவாக இருக்கும் முட்டைப்பழம். ஒருமுறை குச்சியை ஊன்றினால் வருஷக்கணக்கில் கீரை கொடுக்கும் மரக்கீரை. அதைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்பதால், வேகவைத்து ஒரு டப்பாவில் போட்டு மேசைக்கடியில் தயாராக வைத்திருப்பார். உலகத்தில் தின்பதற்கு இத்தனை இருக்க, ஜனங்கள் விடாமல் அதே பத்துக் காய்களைப் பிடித்துத் தொங்குகிறார்களே என்பது அவருடைய தீராத ஆற்றாமை.

அவர் மனைவி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் வேலை பார்த்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் சட்டையை விரித்து, காலர் முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, பொத்தானை இழுத்துப் பார்த்து, தையல் ஒரு இழை விலகியிருந்தாலும் அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தையல் வரிசையில் இருந்தவர்கள் அவளைக் கண்டால் தைத்ததை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த அம்மா கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று மேற்பார்வையாளரே சொல்லுவார்.

கல்யாணமான புதிதில் அவர் காய்வள்ளியைச் சுட்டு, உப்புத் தடவி, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் நின்றார். அவள் ஒரு துண்டு தின்றாள். மென்று விழுங்கிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அன்று தொடங்கியது. எங்கிருந்தாவது ஒரு விதை, ஒரு கன்று கிடைத்து, அது வளர்ந்து, முதல் காய் வந்ததும் அது அவள் தட்டுக்குத்தான் போகும். அவள் நல்லாத்தான் இருக்கு என்றால் அந்தச் செடியைப் பெருக்குவார். வருகிறவர்களிடம், வீட்டில் அவளுக்கு இதுதான் உயிர் என்று பெருமையாகச் சொல்லுவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருவரும் அந்தச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று அவளுடைய தங்கை கிண்டல் செய்வதுண்டு.

நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. கூரான பல் குத்துகிறது என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போய்ப் பல்லை எடுத்துவிட்டு வந்தாள். பல் போனது, புண் போகவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போனபோது ஒரு சின்னத் துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. நாக்கின் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். காயம் ஆறியதும் கதிர்வீச்சு என்றார்கள். அவள் பேச்சு குழறியது. ஆனாலும் நிதானமாகச் சொன்னால் புரிந்தது. தொழிற்சாலையிலிருந்து பெண்கள் கும்பலாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் இல்லாமல் கோணல் காலரெல்லாம் கப்பலேறிப் போகிறது என்று ஒருத்தி சொல்ல, அவள் சிரித்தாள்.

கதிர்வீச்சு பாதி முடிவதற்குள் ருசி போய்விட்டது. தண்ணீர் துருப்பிடித்த இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள். கஞ்சி ஊறிய அட்டையாக இருந்தது; பால் சுண்ணாம்பாக இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எலும்பின் மேல் தோலைப் போர்த்திய மாதிரி ஆனாள். மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். வாரத்துக்கு வாரம் எடை பார்த்த மருத்துவர், இப்படியே போனால் சிகிச்சையைத் தாங்க உடம்பு இருக்காது, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று அவரை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றைக்கே அவர் பண்ணைக்குப் போனார். பின்வரிசையில், நிழல் அதிகமான மூலையில், அதிசயப்பழம் என்று அவர் பெயர் வைத்திருந்த செடிகள் சில இருந்தன. சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிவப்பாகப் பழுக்கும். பழத்துக்கென்று பெரிய ருசி கிடையாது. ஆனால் அதன் சதையை நாக்கு முழுக்கப் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எலுமிச்சையைக் கடித்தால் எலுமிச்சை இனிக்கும். புளிப்பெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத் தேனாக மாறும். புற்றுநோய்க்காரர்களுக்கு வாயில் படியும் இரும்பு ருசியை அது மறைக்கிறது என்று எப்போதோ எங்கேயோ கேட்டிருந்தார். பழுத்ததை எல்லாம் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பழத்தை நசுக்கி, விதையை எடுத்துவிட்டு, சதையை அவள் நாக்கில் மெதுவாகத் தடவினார். பிறகு எலுமிச்சை பிழிந்த தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தார். வாயெல்லாம் புண் என்பதால் வெகு நீர்க்கக் கலந்திருந்தார். அவள் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விழுங்கினாள். கண்ணோரம் நீர் கோத்தது.

“இனிக்குதா?”

அவள் தலையை ஆட்டினாள். “இனிக்குது.”

அன்று அவள் அரை டம்ளர் தண்ணீரும், அதன் பிறகு சில கரண்டிக் கஞ்சியும் சாப்பிட்டாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த கட்டிலுக்காரரின் மகனிடம் சொன்னார். கீழே போய்த் தேநீர்க் கடைக்காரரிடம்கூடச் சொன்னார். இத்தனை வருஷம் அவரை ஒரு பொருட்டாக மதிக்காத உலகத்துக்கு அவருடைய செடி பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அங்கே அவள் வயிறு ஒட்டிக் கிடக்கையில் நமக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று பேருந்தில் போகும்போது ஒரு கணம் உறுத்தியது. ஆனாலும் சந்தோஷம் நிற்கவில்லை.

பிறகு தினமும் காலையில் பண்ணைக்கு ஓட்டம், மத்தியானம் மருத்துவமனைக்கு ஓட்டம். மற்றச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நேரம் இல்லை. அதிசயப்பழச் செடிகளுக்கு மட்டும் ஊற்றினார். பழுத்ததும் பழுக்காததுமாகப் பறித்தார். அவள் ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டினாள். எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மாலை அவர் புறப்பட்டபோது தங்கை கூடவே படிக்கட்டு வரை வந்தாள். அவள்தான் பகலில் அக்காவுக்குத் துணை இருப்பவள். கொஞ்ச நேரம் எதை எதையோ பேசினாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“அத்தான், இனிமே அந்தத் தண்ணி குடுக்காதீங்க. நீங்க போனதும் அக்கா அழுவுது. வாயி வெந்து கெடக்குல்ல. எலுமிச்ச பட்டா நெருப்பாட்டம் எரியுதாம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு.”

அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. நீர்க்கத்தானே கலக்கிறேன், இனிக்கிறது என்று அவளே சொன்னாளே என்றார். அவர் திரும்பி வார்டுக்குப் போனார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எரிகிறதா என்று கேட்டார். அவள் தங்கையைத் தேடி வாசலைப் பார்த்தாள். பிறகு எரிகிறது என்று தலையசைத்தாள்.

“எரிஞ்சாலும் இனிக்குதுல்ல?”

அவள் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஆனால் உடம்பில் அதற்கும் தெம்பு இல்லை.

“இல்லீங்க. மொத நாளும் இனிக்கல.”

“பின்ன ஏன் இனிக்குதுன்னு சொன்ன?”

“எப்பவும் சொல்றதுதானே.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. எப்பவும் என்றால் என்ன என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சிறகவரை பிடிக்காதா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையை லேசாக அசைத்தாள். முட்டைப்பழம்? அதற்கும் அதே அசைவு. மரக்கீரை, காய்வள்ளி, ஒரு வருஷம் முழுக்க வாரம் தவறாமல் செய்து கொடுத்த வாழைப்பூ மாதிரித் துவர்க்கும் ஒரு கொடித்தண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். கேட்கக் கேட்க அவர் குரல் உள்ளே போனது. பக்கத்துக் கட்டிலுக்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணுகூடவா?” என்றார் கடைசியில்.

அவள் கையை நகர்த்தி அவர் முழங்காலைத் தொட்டாள். பேசுவதற்கு எச்சிலை விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கும்போது முகம் சுருங்கியது.

“தட்டக் குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது? பசிக்குச் சாப்பிடலாம். அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு, விடுங்க.”

மறுநாள் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. பண்ணையில் ஒரு ஓரமாகக் கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. அவள் ஏமாற்றினாள் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை வருஷம் பிடிக்காததை விழுங்கியவளை என்னவென்று குற்றம் சொல்வது? தனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தார். சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் ருசி பார்த்ததெல்லாம் அவள் முகத்தைத்தான். ஒரு முட்டைப்பழத்தைப் பிளந்து வாயில் போட்டு, முதல்தடவை தின்கிறவர் போல மென்றார். மாவாக இருந்தது. தொண்டையில் அடைத்தது. நல்லா இருக்கிறதா இல்லையா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. இன்னொன்றைத் தின்றார். வாந்தி வருகிற மாதிரி ஆனதும் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஒருநாள் அவர் போகாததற்குத்தான் பிறகு மிகவும் வருந்த வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் கஞ்சி புரையேறி அவளுக்கு மூச்சு திணறியது; இனி வாய்வழியாக எதுவும் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டார்கள். வாயும் தொண்டையும் வீங்கி, அதன் பிறகு அவளுக்குப் பேச வரவில்லை. மறுநாள் அவர் போனபோது அவள் அவரைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டீர்களா என்று கேட்கிற பார்வை என்று அவருக்குப் பட்டது. இல்லை என்று சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்குக் கேட்டதா, கேட்டாலும் நம்பினாளா என்று தெரியவில்லை. என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, முக்காலியைக் கண்ணால் காட்டினாள். உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். குழாய் வழியாக நர்ஸ் வெள்ளையாக எதையோ ஊசிக்குழலில் ஏற்றிச் செலுத்தினாள். அது இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு ருசி எதுவும் தேவைப்படவில்லை.

சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஒரு விடியற்காலையில் அவள் போய்விட்டாள். முகத்தில் வலி இருந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லாமல் போயிருந்தது. கைகளை மட்டும் பார்த்தார்.

காரியங்களெல்லாம் முடிந்து அவர் பண்ணையைத் திறந்தபோது, முன்வரிசையிலேயே பாதி காய்ந்து கிடந்தது. ஒரு கணவனும் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, வித்தியாசமாக ஏதாவது சாப்பிடுகிற செடி வைக்கலாம் என்று பார்க்கிறோம் என்றாள் அந்தப் பெண். இத்தனை காலத்தில் அவரைத் தேடி அப்படிக் கேட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை. சிறகவரைக் கொடியைத் தொட்டு, இது எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். காயைப் பறிக்கப் போன கை பாதியில் நின்றது. கணவன் மனைவியைப் பார்த்தான். தெரியாதும்மா என்றார் அவர். அவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

தங்கை சில நாள் பேருந்து ஏறி வந்து, குழாயை இழுத்துக் கொடிகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டாள். அக்கா நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லிக் காப்பாத்தின செடிங்க அத்தான், இப்படி விடலாமா என்றாள். அவர் சரி என்றார். அவள் போன பிறகு குழாயை எடுக்கப் போவார். பின்வரிசை வரை கால் வராது. வெயில் ஏறியது. மழை பிந்தியது. தங்கைக்கும் தன் வீடு, தன் பிள்ளைகள் என்று வேலை இருந்தது. வருவது குறைந்து, நின்றது. தொட்டிகளில் மண் இறுகி ஓரம் விட்டு விலகியது. அவர் காலையில் வந்து கதவைத் திறப்பார், உட்காருவார், சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவார். நடுவில் யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால், பக்கத்துப் பண்ணையில் கேட்டுப் பாருங்கள் என்று கையைக் காட்டுவார்.